ஐந்தில் வளையாதது பதினைந்தில் வளையாதா?

போன வருஷம் ஆடி மாசம். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் உள்ளே வந்தான். வந்த வேகத்தில் மேஜை முனையில் இடித்துக்கொள்ள, ஒரு தைலக் குப்பி உருண்டு கீழே விழுந்தது. பின்னாலேயே அம்மாவும் பாட்டியும்.

"பதினாலு வயசு டாக்டர். எட்டாவது படிக்கிறான். படிக்கிறான்னு பேருதான்..." அந்த அம்மாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

நல்ல உயரம். மீசை அரும்பத் தொடங்கிய முகம். சட்டையின் மேல் பட்டன் அடுத்த ஓட்டையில் மாட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். நடுநடுவே தன் வலது கன்னத்தைத் தானே பளார் என்று அறைந்துகொண்டான்.

பழைய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். நாலு வயசில் வளர்ச்சித் தாமதம் என்று எழுதியிருந்தார்கள். ஏழு வயசில் லேசான அறிவுசார் குறைபாடு என்று சான்று. அதுவரை பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஒன்பது வயசோடு ஃபைல் நின்றுவிட்டது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"நாலாங்கிளாஸ் வந்ததும் டியூஷன் போட்டோம் டாக்டர். ரெண்டுக்கும் நேரம் பத்தலை. அங்கேயும் சின்னப் பசங்கதான் வர்றாங்க. இவன் பெரிசாயிட்டான், இனிமே இதுக்கு மேல பெரிசா மாற்றம் இருக்காதுன்னு சொன்னாங்க..."

அதுவரை பேசாமல் இருந்த பாட்டி குறுக்கிட்டார். "ஐந்துல வளையாதது ஐம்பதுல வளையவா போகுது? போன வாரம் என்னையே பிடிச்சுத் தள்ளிட்டான். வர்மத்துல ஏதோ புள்ளியைத் தட்டினா மூளை நரம்பு திறந்துக்கும்கிறாங்களே, அதைச் செய்யுங்க. இல்லேன்னா எங்கேயாவது ஹாஸ்டல்ல சேர்த்துடலாம்னு இருக்கோம்."

அந்தப் பாட்டி கெட்டவர் இல்லை. பேரனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆனால், அவர் சொன்ன இரண்டு விஷயங்களுமே தவறு. ஒன்று, வயசு தாண்டிவிட்டது என்பது. இன்னொன்று, ஒரு புள்ளியைத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. முதலாவது, பெற்றோரைக் கைகட்டி உட்கார வைக்கிறது. இரண்டாவது, அவர்களைக் கடன் வாங்கிக்கொண்டு ஓட வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழமொழியை எங்கே பொருத்துவது?

நம் பெரியவர்கள் அந்தப் பழமொழியைச் சொன்னது ஒழுக்கத்துக்காக. சின்ன வயசில் நல்ல பழக்கம் சொல்லிக்கொடு என்பதற்காக. வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு பிள்ளையின் கை, கால், மூளைக்கு அதை எடுத்துப் பொருத்துவது அநியாயம்.

சின்ன வயசில் தொடங்கினால் பலன் அதிகம் என்பது உண்மைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், 'முன்பே தொடங்கினால் நல்லது' என்பதற்கு 'பிறகு தொடங்கினால் வீண்' என்று அர்த்தம் ஆகாது. மனித மூளை இருபது வயசைத் தாண்டி, இருபத்தைந்து வரைகூடப் பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்று இன்றைய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதற்குப் பிறகும் புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன் அடியோடு நின்றுவிடுவதில்லை. நாற்பது வயசில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்களே!

சட்டமும் ஒன்பது வயசில் கதவைச் சாத்தவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயசு முதல் 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உட்பட 21 வகைகளை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமும் பிறந்தது முதல் 18 வயசு வரை என்றுதான் சொல்கிறது. பதினாலு வயசுப் பையனை 'பெரியவன்' என்று சொல்லி வெளியே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

இன்னும் ஒன்று. பயிற்சியை நிறுத்தவே கூடாத வயசு எது தெரியுமா? இந்த விடலைப் பருவம்தான். ஒரே வருஷத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட உயர்ந்துவிடுகிறார்கள். நேற்று வரை பழகியிருந்த கைகால் நீளம் இன்றைக்கு இல்லை. சாதாரணப் பிள்ளைகளே இந்த வயசில் டம்ளரைத் தட்டிவிடுகிறார்கள், வாசற்படியில் தடுக்கிக்கொள்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையைக் கேட்க வேண்டுமா? மூளைவாதம் உள்ள பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்க முடியாமல், முழங்காலும் குதிகாலும் மடங்கிப்போவது இந்த வயசில்தான் அதிகமாகிறது. அது வரை நடந்த பிள்ளை இந்த வயசில் உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கூடவே எடை ஏறுகிறது, உடம்பில் மாற்றங்கள், மனசில் கோபம், கூச்சம். இந்த நேரம் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு செல்போனைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுங்கள்

சரி, அசைவுக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? பார்க்காமலேயே எப்படி முடிந்தது? உங்கள் தசையும் மூட்டும் 'கை இங்கே இருக்கிறது, இவ்வளவு மடங்கியிருக்கிறது' என்று ஓயாமல் மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, 'தலை இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நமக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது.

சில பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் மங்கலாக வருகிறது. அல்லது வந்த தகவலை மூளை கோத்துப் பார்ப்பதில் சிரமம். அதனால்தான் மேஜையில் இடிக்கிறார்கள். பென்சிலை ஒடிகிற மாதிரி அழுத்துகிறார்கள். நாற்காலியில் நெளிகிறார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று உடம்பே தேடிக்கொண்டிருக்கும்போது, கரும்பலகையில் மனசு எப்படி நிற்கும்? பள்ளி வயசுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இப்படி உடல் ஒருங்கிணைப்பில் மட்டுமே தனியாகக் குறை இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. அவர்களை நாம் 'சோம்பேறி', 'கவனமில்லாதவன்' என்று பேர் வைத்துக் கூப்பிடுகிறோம்.

சித்த மருத்துவத்தில் தச வாயுக்கள் என்று படித்திருக்கிறோம். அதில் வியானன் என்று ஒரு வாயு. உடம்பு முழுக்கப் பரவி நின்று அங்கங்களை நீட்டவும் மடக்கவும் செய்வது அதன் வேலை. தொடு உணர்வை அறிவதும் அதன் வேலைதான். அசைவையும் உணர்வையும் ஒரே வாயுவின் பொறுப்பில் வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதற்காக, இன்றைய நரம்பியல் சொல்வதையெல்லாம் அன்றே சித்தர்கள் சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்ட மாட்டேன். உணர்வு இல்லாமல் அசைவு இல்லை என்ற அடிப்படையை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

எது நடக்கும், எது நடக்காது?

இங்கேதான் உண்மையைப் பேச வேண்டும்.

ஒழுங்கான உடற்பயிற்சியால் தசை பலம், சமநிலை, நடை, தூக்கம், மலச்சிக்கல், எடை இவையெல்லாம் மேம்படும். கவனச்சிதறல் உள்ள பிள்ளைகள் நன்றாக ஓடியாடிய பிறகு கொஞ்ச நேரமாவது அமைதியாக உட்காருகிறார்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் குறைவதாக ஆய்வுகள் உண்டு. தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு வரும் தெம்பை எந்த லேகியத்தாலும் தர முடியாது.

ஆனால், குறுக்கும் நெடுக்கும் கையைக் காலை ஆட்டினால் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிக்கக் கற்க வேண்டுமானால் படிக்கத்தான் சொல்லித்தர வேண்டும். எழுத்தையும் ஒலியையும் இணைத்து, சின்னச் சின்னப் படியாக, பொறுமையாகச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் வேண்டும். நடக்கப் பழக வேண்டுமென்றால் நடக்க வேண்டும், பட்டன் போட வேண்டுமென்றால் பட்டன் போட வேண்டும்!

இதற்கு உலகம் ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் டோமன், டெலகாட்டோ என்ற இருவர் ஒரு முறையைப் பிரபலமாக்கினார்கள். நாலைந்து பேர் சேர்ந்து பிள்ளையின் கை, கால், தலையைப் பிடித்து, தவழ்வது போலத் தினமும் பல வேளை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் மூளை மறுபடி ஒழுங்காக வளரும் என்றார்கள். பல குடும்பங்கள் வேலையை விட்டு, அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் செய்தன. கடைசியில் 1982-லும், மறுபடி 1999-லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், இந்த முறைக்குத் தனிப் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை, குடும்பத்தின் மேல் ஏற்றும் சுமையோ அதிகம் என்று அறிவித்தது. அந்தத் தாய்மார்களின் வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

இன்றைக்கு நிபுணர்கள் சொல்வது இன்னும் எளிமையானது. உடல் ஒருங்கிணைப்புக் குறை பற்றி 2019-ல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறி, பிள்ளைக்கு எந்த வேலை தேவையோ அந்த வேலையையே பயிற்சியாக்குங்கள் என்கிறது. கனடாவில் உருவான ஒரு முறையில் நாலே படிகள்தான். என்ன செய்யப்போகிறோம் என்று இலக்கு வை. எப்படிச் செய்யலாம் என்று யோசி. செய்து பார். சரியாக வந்ததா என்று நீயே பார். இலக்கைத் தேர்ந்தெடுப்பதும் பிள்ளைதான். விடலைப் பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். அவனை மூன்று வயசுக் குழந்தை மாதிரி பந்து மேல் உருட்டினால் அவன் மனசு எவ்வளவு கூசும்!

எங்கள் வைத்தியத்தைப் பற்றியும்...

என் சக வைத்தியர்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற அருமையான முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. இறுகிய தசையை இளக்க, உடம்பைத் தளர்த்த, நல்ல தூக்கம் வர இது உதவுவதை அனுபவத்தில் பார்க்கிறேன். வர்மத்தில் 108 இடங்கள். அதைக் குருவிடம் கற்றவர்களின் கை நுணுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், இவை அறிவுசார் குறைபாட்டையோ ஆட்டிசத்தையோ நீக்கிவிடும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. 'நாற்பத்தெட்டு நாளில் குணம்' என்று போர்டு மாட்டுபவர் எந்த வைத்தியமாக இருந்தாலும் சரி, எங்கள் வைத்தியமாகவே இருந்தாலும் சரி, அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

நானும் தப்பு செய்தவன்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பதிமூன்று வயசுப் பெண். பாடத்தில் மனசு நிற்கவில்லை, மந்தமாக இருக்கிறாள் என்று கூட்டிவந்தார்கள். நாடி பார்த்தேன், வல்லாரை நெய் கொடுத்தேன், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாசம் போனது. "நடுநடுவே வெறிச்சுப் பார்த்துட்டு நின்னுடுறா டாக்டர், கூப்பிட்டா காதுலயே விழாது" என்று அந்த அம்மா இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். 'கனவு காண்கிற வயசு' என்று நான் சிரித்துவிட்டேன். கடைசியில் நரம்பு டாக்டரிடம் போனபோது அது வலிப்பு நோயின் ஒரு வகை என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்த வெறிப்பு நின்றது. ஆறு மாசம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் நான் வீணாக்கியது. அவள் அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு முடிவு. காது, கண், தைராய்டு, வலிப்பு இந்த நாலையும் உரிய டாக்டர் பார்த்திருக்கிறாரா என்று கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் நான் பயிற்சி சொல்வதில்லை. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளையை 'அதை நிறுத்திட்டு வாங்க' என்று சொல்வதும் இல்லை. அப்படிச் சொல்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பையனுக்கு என்ன செய்தோம்?

முதலில் கன்னத்தில் அறைந்துகொள்கிறானே, அதைப் பார்த்தேன். எப்போதும் வலது பக்கம்தான். சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதிகம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால், கடைவாய்ப்பல் ஒன்று பாதி சொத்தை! பல் டாக்டரிடம் அனுப்பினேன். பல்லைச் சரிசெய்த பத்து நாளில் அறைந்துகொள்வது பாதிக்கு மேல் குறைந்தது. 'வலிக்குது' என்று சொல்லத் தெரியாத பிள்ளை கையால் சொல்லியிருக்கிறான். நாம் அதற்குப் 'பிடிவாதம்' என்று பேர் வைத்திருந்தோம். திடீரென்று நடவடிக்கை மாறினால் பல், காது, வயிறு, மலச்சிக்கல் இவற்றை முதலில் பாருங்கள். பெண் பிள்ளையானால் மாதவிலக்கு வலியையும்.

அடுத்து, என் பங்குக்கு எண்ணெயும் தொக்கணமும் சொன்னதோடு, ஆக்குபேஷனல் தெரபி படித்த ஒரு பெண்ணிடம் அனுப்பினேன். அவர் பையனிடமே கேட்டார், "உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?" அம்மா 'படிக்கணும்' என்று சொல்வான் என எதிர்பார்த்தார். அவன் சொன்னது: "கடைக்குப் போகணும். நானே."

அதுதான் இலக்கு ஆனது. தெருமுனை மளிகைக் கடைக்குத் தனியாகப் போய் வருவது. அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்தார்கள். சட்டைப் பட்டன் போடுவது. செருப்பை மாற்றாமல் போடுவது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்குவது. சைக்கிள் வரும்போது ஓரத்தில் நிற்பது. காசை எண்ணாமல் நோட்டைப் பார்த்துக் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று வாரம். வீட்டில் அரை பக்கெட் தண்ணீர் மொட்டை மாடிச் செடிக்குத் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, அம்மியில் துவையல் அரைப்பது. மாலையில் அப்பாவோடு நடை.

அம்மா ஒரு நோட்டுப் போட்டார். தேதி, என்ன செய்தான், எத்தனை தடவை கோபப்பட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான். நாலாவது மாசம் அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் மாற்றமே கண்ணில் பட்டது. தினம் தினம் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய...

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயசுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிஷ உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இயன்ற அளவு அதேதான் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல வேண்டாம். மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் இருபது நிமிஷம் கை வீசி நடை. பள்ளிக்குப் போகும் முன் உடம்பு விழித்துக்கொள்ளும்.

மாலையில் இருபது நிமிஷம் கனமான வேலை. தண்ணீர் தூக்குவது, மெத்தையை உதறிப் போடுவது, அரிசிப் பையை நகர்த்துவது, மாவு பிசைவது. இழுக்கிற, தள்ளுகிற, தூக்குகிற வேலைதான் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல தகவல் தருகிறது. நம் பாட்டிமார் கிணற்றில் இறைத்ததும் உரலில் இடித்ததும் இதைத்தான் செய்தன. செய்த வேலை வீட்டுக்கு உபயோகமாக இருக்க வேண்டும். 'நம்ம தம்பி கொண்டு வந்த தண்ணி' என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

அப்புறம் இருபது நிமிஷம் விளையாட்டு. பந்தைப் பிடித்து எறிவது, பாண்டி, கோலாட்டம், கும்மி. கோலாட்டத்தில் எதிராளியைப் பார்க்க வேண்டும், தாளம் கேட்க வேண்டும், வலது கை இடப்பக்கம் போக வேண்டும், காத்திருந்து தட்ட வேண்டும். இத்தனையும் ஒரே ஆட்டத்தில்! பல்லாங்குழி விரல் நுனிக்கு நல்லது. விருப்பமிருந்தால் யோகாசனம், சிலம்பத்தின் ஆரம்பப் பாடங்களும் நல்லவையே, பொறுமையான ஆசிரியர் கிடைத்தால்.

இரவு படுக்கும் முன் உள்ளங்காலிலும் கணுக்காலிலும் இளஞ்சூடான நல்லெண்ணெய் தேய்த்து மெதுவாகப் பிடித்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

எச்சரிக்கைகளும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்து எலும்பின் இணைப்பு தளர்ந்திருக்கும். பாதிப் பேருக்கு இதயத்திலும் பிறவிக் குறை இருக்கலாம். டாக்டரிடம் கேட்காமல் சிரசாசனம், குட்டிக்கரணம், கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவது எதுவும் கூடாது. வலிப்பு உள்ள பிள்ளையைத் தண்ணீரில் ஒரு நொடிகூடத் தனியாக விடக்கூடாது. மூளைவாதத்தால் இறுகிய காலைப் பலவந்தமாக இழுக்கக்கூடாது. அழுகையோடு நடப்பது பயிற்சி அல்ல.

யாரிடம் போவது?

மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் முதலில் கேளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம். சென்னையில் 1985 முதல் வித்யாசாகர். விளையாட்டில் ஆர்வமிருந்தால், 1968-ல் சிகாகோவில் முதல் போட்டி நடத்திய சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கத்தின் இந்தியக் கிளை இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 8 வயசிலிருந்து போட்டியில் சேரலாம், மேல் வயசு வரம்பே கிடையாது.

எங்கே போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்? மூன்று மாசத்தில் முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லாமல், ஒரு வருஷத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இது விடலை வயசு. ஆணோ பெண்ணோ, தொட்டுச் செய்யும் எந்தச் சிகிச்சையும் பெற்றோர் பார்க்கும்படி நடக்க வேண்டும். தொடும் முன் 'பிடித்துவிடட்டுமா?' என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று தலையசைத்தால் நிறுத்த வேண்டும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிகிச்சை செய்பவர் எவ்வளவு பெரிய வைத்தியராக இருந்தாலும் வேண்டாம். பேசத் தெரியாத பிள்ளைக்கு நாம்தான் வாய்.

பாட்டி என்ன சொன்னார்?

பத்து மாசம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். பையன் இன்னும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத்தான் எழுத்துக் கூட்டுகிறான். சிறப்பாசிரியர் ஒருவர் வாரம் மூன்று நாள் வருகிறார். கணக்கு வரவில்லை, வருமா என்றும் தெரியாது. சில நாள் இன்னமும் கோபம் வருகிறது. அவன் குணமாகிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய்.

ஆனால், பட்டன் சரியாக இருந்தது. மேஜையில் இடிக்காமல் வந்து உட்கார்ந்தான். ராத்திரி பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறானாம். ஹாஸ்டல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

"இப்ப கடைக்கு அவன்தான் போறான் டாக்டர்" என்றார் அம்மா. "முதல் நாள் நான் பின்னாடியே மறைஞ்சு மறைஞ்சு போனேன். திரும்பிப் பார்த்து, 'அம்மா போ'ன்னுட்டான்." சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பாட்டியைப் பார்த்தேன். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து வெற்றிலைக் கட்டை எடுத்துக் காட்டினார்.

"பேரன் வாங்கியாந்தது. கொஞ்சம் வாடினதாத்தான் பார்த்து வாங்கிட்டான். அதனால என்ன, வளைஞ்சுதே!"

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்திருந்தால், வயசு ஆகிவிட்டதே என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்குச் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, 'உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.